காந்தம் வைத்தால் குடி நிற்குமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். தலையில் காந்தம் வைத்துக் குடியை நிறுத்துகிறார்கள் என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் கொழும்பின் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை சுற்றியிருக்கிறது போல, எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். ஆகவே சீனி வருத்தக்காரர்கள் கோபிக்காமல் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை குடியும் காந்தமும்தான்.

கேள்வி: வணக்கம் டொக்டர். என் கணவருக்கு 41 வயது. கெய்சர் வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை. குடிக்காத நேரத்தில் தங்கமான மனுசன். சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால் மட்டும் வீட்டுக்கு வர இரவு பத்தாகும், அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு. போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) சாராயக் கடை பூட்டு என்றால் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார். மூன்று தரம் ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்தினோம். முதல் தரம் இரண்டு மாதம் தாங்கினார், அடுத்த தரம் ஒரு மாதம், கடைசியாக பதினொரு நாள். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறார், அழுகிறார், திரும்பவும் போகிறார். கனடாவில் இருக்கும் மச்சாள்தான் அந்த வீடியோவை அனுப்பினார். இங்கே ஓரிடத்தில் விசாரித்தேன். இருபது தரம் செய்ய வேண்டுமாம், காசை முன்கூட்டியே கட்ட வேண்டுமாம், தன்னடக்கம் தானாக வந்துவிடுமாம். என் காப்பையும் சங்கிலியையும் அடகு வைக்கலாம் என்று யோசிக்கிறேன். இதில் உண்மை இருக்கிறதா? - கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் சங்கிலியைக் கழற்றாதீர்கள். மற்றதை ஆறுதலாகக் கதைப்போம்.

உங்கள் கணவர் சத்தியம் செய்யும்போது பொய் சொல்வதில்லை. அதை நீங்கள் நம்பலாம். குடியை விட முடியாமல் என்னிடம் வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "நான் போகவில்லை டொக்டர், கால் போனது." வீட்டில் இதைச் சொன்னால் அடி விழும், ஆனால் மூளையைப் பார்த்தால் அந்தப் பேச்சில் நிறைய நியாயம் இருக்கிறது. ஆசை ஒரு குதிரை என்றால், நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் கடிவாளம். "வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், பிள்ளையின் ரியூசன் காசு" என்று நினைவுபடுத்துவதும், எழும்பின கையைப் பாதியில் நிறுத்துவதும் அந்தப் பகுதியின் வேலை. வருடக்கணக்காகக் குடிக்கும்போது இரண்டு பக்கமும் சேதமாகிறது. போத்தலைக் கண்டதும், ஏன், வைன் ஸ்டோர் இருக்கும் சந்தியைக் கண்டதுமே குதிரை துள்ளப் பழகிவிடுகிறது. அதே நேரம் கடிவாளம் நைந்து போகிறது. (குடியை விட்ட சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் அது ஓரளவு தேறவும் செய்யும். இந்த நல்ல செய்தியை ஒருவரும் வீடியோ எடுத்து அனுப்புவதில்லை.)

இதை ஆராய்ச்சியாளர்கள் அளக்கும் முறை வெகு சாதாரணமானது. கணினித் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வரும். தேத்தண்ணிக் கோப்பை வந்தால் பொத்தானை அமர்த்த வேண்டும், சாராயப் போத்தல் வந்தால் கையை அசைக்கக் கூடாது. கேட்கும்போது குழந்தைப்பிள்ளை விளையாட்டுப் போல இருக்கும். படங்கள் சட்சட்டென்று மாறும்போது பாருங்கள், குடிக்குப் பழகினவரின் விரல் அவர் "கூடாது" என்று நினைத்து முடிப்பதற்குள் அமர்த்திவிடும். நினைப்புக்கும் விரலுக்கும் நடுவே அரை நொடிகூட இல்லை. உங்கள் கணவர் சனிக்கிழமை பின்னேரம் தோற்றுப்போவது அந்த இடைவெளியில்தான்.

காந்தக்காரர்கள் அந்த இடைவெளியைக் கொஞ்சம் அகட்டத்தான் பார்க்கிறார்கள். டி.எம்.எஸ். என்று சொல்வார்கள், மண்டைக்கு வெளியே இருந்து காந்தத்தால் மூளையைத் தூண்டுகிற முறை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் செய்து காட்டியது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் கம்பியில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இதில் கம்பிக்குப் பதிலாக மூளை நரம்பு, அவ்வளவுதான். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை, மயக்கவும் தேவையில்லை.

வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த காலத்தில் நானே அந்தக் கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன். எட்டு என்ற இலக்கத்தைப் போல வளைத்த ஒரு சுருள், தோசைக் கரண்டி மாதிரிக் கைபிடியோடு, அதை என் தலையில் இடது பக்கம் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். காதுக்கு அடைப்பான் தந்திருந்தார்கள். டக், டக் என்று மரங்கொத்தி கொத்துகிற சத்தம். மூன்றாவதோ நாலாவதோ டக்கில் என் வலது கைப் பெருவிரல் துள்ளியது. நான் துள்ள வைக்கவில்லை, மடியில் கிடந்த விரல் தானாக எழும்பியது! ஒரு கணம் பயந்துதான் போனேன். அப்படி விரல் துள்ளுகிற அளவை வைத்துத்தான் ஆளுக்கு ஆள் எவ்வளவு வலு வைப்பது என்று கணக்கெடுக்கிறார்கள். அப்புறம் சுருளை முன்பக்கம், நெற்றிக்குச் சற்று மேலே ஓரமாகக் கொண்டுபோய் வைத்துத் தொடர்ந்து தட்டுவார்கள். நெற்றித் தோல் சுள்சுள்ளென்று இழுக்கும், சிலருக்குத் தலையிடிக்கும். காந்தத்தின் தாக்கம் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்குத்தான் போகும். இன்னும் ஆழமாகப் போக வேறு வகைச் சுருள்கள் இருக்கின்றன.

இது ஏமாற்று வேலை கிடையாது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் மனச்சோர்வுக்கும், 2018-இல் ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோய்க்கும், 2020-இல் சிகரெட்டை நிறுத்துவதற்கும் இந்தச் சிகிச்சையை அனுமதித்தது. மதுவுக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. வீடியோவில் இந்த ஒரு வரியைத்தான் விட்டுவிட்டார்கள்.

ஏன் கிடைக்கவில்லை என்றால், ஆய்வுகள் ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் இழுக்கின்றன. இந்தியாவில் ராஞ்சியில் 45 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்டார்கள். சிலருக்கு உண்மைக் காந்தம், சிலருக்குச் சத்தம் மட்டும் போடும் போலி. பத்துத் தடவைக்குப் பிறகு உண்மைக் காந்தம் பெற்றவர்களுக்குக் குடிக்கும் வேட்கை கூடுதலாகக் குறைந்திருந்தது. சந்தோசம். சுவீடனில் 56 பேருக்கு மூளையின் இன்னொரு பகுதியில் ஆழமாகச் செய்து 2020-இல் வெளியிட்டார்கள். அங்கே காந்தம் பெற்றவர்களும் குறைத்துக்கொண்டார்கள், போலி பெற்றவர்களும் குறைத்துக்கொண்டார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை! 2022-இல் இன்னொரு குழு மூளையின் முன்பகுதியில் நடுப்பக்கத்தைக் குறிவைத்துச் செய்தபோது கடுமையாகக் குடிக்கும் நாட்கள் குறைந்தன. காந்தத்துக்குப் பதில் மெல்லிய மின்சாரத்தை வைத்து பெல்ஜியத்தில் ஒரு ஆய்வு நடந்தது, 2021-இல் வெளிவந்தது. குடியை விட்ட கையோடு, நான் மேலே சொன்ன அந்தப் படப் பயிற்சியையும் மின்சாரத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரத்தில் திரும்பக் குடிக்கப் போனவர்கள் குறைவு.

இந்தக் கடைசி ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. மின்சாரம் மட்டும் வேலை செய்யும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கடிவாளத்தை இழுக்கப் பழக்கிக்கொண்டே கைக்குக் கொஞ்சம் வலு கொடுத்தார்கள். பலனும் இரண்டு வாரக் கணக்கில் வந்தது. குடியை விட்டவருக்கு முதல் இரண்டு வாரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று பதினொரு நாளில் தோற்றவரின் மனைவிக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரும் ஐம்பது சனிக்கிழமைக்கும் மெஷின் பொறுப்பெடுக்காது. "தன்னடக்கம் தானாக வந்துவிடும்" என்று உங்களிடம் சொன்னவர், மன்னிக்க வேண்டும், வியாபாரம் கதைக்கிறார்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலைக்குள் உலோகக் கிளிப், அறுவை செய்து காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் வேண்டாம். வலிப்பு வருவது அபூர்வம், ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அந்தக் கணக்கு மற்றவர்களுக்கு. நெடுநாள் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினவருக்குக் காந்தம் இல்லாமலே வலிப்பு வரலாம். நிறுத்தி ஆறு மணித்தியாலத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வருவதுதான் வழக்கம். உங்கள் கணவருக்கு முன்பு எப்போதாவது வந்ததா? வந்திருந்தால் அதைக் கேட்காமல் இருபது தரம் என்று காசு வாங்குகிற இடத்தில் காலே வைக்காதீர்கள். கேட்கிற இடமாக இருந்தாலும் இன்னும் சிலதை நீங்கள் கேளுங்கள்: உளநல மருத்துவர் யார், அவர் ஆளை நேரில் பார்ப்பாரா, மருந்தும் உளவளத்துணையும் கூடவே நடக்குமா, ஐந்தாம் தரத்தோடு நிறுத்தினால் மிச்சக் காசு திரும்புமா. கடைசிக் கேள்விக்கு அவர்கள் முகம் போகிற போக்கைப் பாருங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், முதலில் அரச ஆஸ்பத்திரி உளநலக் கிளினிக்குக்குப் போங்கள், அங்கொடை தேசிய மனநல நிறுவகமோ உங்களுக்குக் கிட்டிய வேறு இடமோ. காசு கட்டத் தேவையில்லை. வேட்கையைக் குறைக்கவும் திரும்பக் குடிக்காமல் தாங்கவும் நல்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்து எது பொருந்தும் என்று டொக்டர் முடிவெடுக்க வேண்டும். மூன்று தரம் ஆஸ்பத்திரியில் வைத்தோம் என்கிறீர்கள், வெளியே வந்த பிறகு என்ன நடந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அநேகமாக ஒன்றும் நடக்கவில்லை. உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கினார்கள், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள், அடுத்த சனிக்கிழமை அதே கெய்சர் வீதி, அதே கூலி, அதே சந்தி.

அந்தச் சந்தியை என்ன செய்யலாம் என்று அவரோடு இருந்து யோசியுங்கள், அவர் வெறியில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கூலியை முதலாளி வங்கியில் போடுவாரா? சனிக்கிழமை கடை மூடும் நேரத்துக்கு மூத்த மகனோ நீங்களோ அங்கே போய் நின்று, வேறு வழியாக பஸ் எடுத்து வர முடியுமா? முதல் எட்டுக் கிழமைக்கு மட்டும். அவமானம் என்பார். அவரே "சரி, வா" என்று சொன்னால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் பொலிஸ் காவல் மாதிரி ஆகிவிடும். மெஷின் தருகிறேன் என்று சொல்கிற அந்த அரை நொடியை ஒரு பஸ் ரிக்கெற்றிலும் வாங்கலாம். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தும் சரிவரவில்லை, உங்கள் உளநல மருத்துவரே "செய்து பார்க்கலாம்" என்கிறார் என்றால், அப்போது காந்தத்தைப் பற்றிக் கதைப்போம். அடகு மட்டும் வேண்டாம்.

கேள்வி: டொக்டர், எனக்கு 27 வயது, மென்பொருள் வேலை, வெள்ளவத்தையில் தனியாக அறை எடுத்து இருக்கிறேன். முன்பு வெள்ளிக்கிழமை மட்டும்தான். இப்போது வீட்டிலிருந்து வேலை என்பதால் செவ்வாய், புதன் என்று கணக்கில்லை. "இரண்டோடு நிறுத்துவேன்" என்று தொடங்கி ஆறில் முடிகிறது. தலையில் மெல்லிய மின்சாரம் விட்டால் சுயகட்டுப்பாடு கூடுமாம். இணையத்தில் கருவி விற்கிறார்கள், விலை அதிகம். நண்பன் ஒருவன் 9 வோல்ட் பற்றரியில் தானே செய்து தருவதாகச் சொல்கிறான். 9 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்? - பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உன் நண்பன் கெட்டிக்காரன்தான். அவனிடம் ஒரு நல்ல ஸ்பீக்கர் செய்து தரச் சொல்.

அந்த முறைக்குப் பெயர் டி.டி.சி.எஸ். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் கட்டி, 1 முதல் 2 மில்லியம்பியர் மின்சாரத்தை ஏறத்தாழ இருபது நிமிசம் விடுவார்கள். அதில் பெரும்பகுதி தோலிலும் மண்டையோட்டிலுமே வழிந்துவிடும், மிச்சம்தான் மூளைக்குப் போகிறது. 9 வோல்ட் என்பதில் பயப்பட ஒன்றுமில்லை, பயப்பட வேண்டியது பஞ்சுக்குத்தான். பஞ்சு காயும்போது தோலின் தடை மாறும், மின்சாரம் ஒரே புள்ளியில் குவியும், நெற்றியில் எரிகாயம் வரும். நல்ல கருவி அதை உணர்ந்து தானாக நின்றுவிடும், உன் நண்பனின் பற்றரி நிற்காது. வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு எச்சரிக்கையாக 2016-இல் 39 ஆராய்ச்சியாளர்கள் கையெழுத்திட்டு ஒரு திறந்த மடலே எழுதினார்கள். எங்கே வைக்கிறோம், எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் எதிர், அந்த நேரம் நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்பதையெல்லாம் பொறுத்து விளைவு மாறும், எதிர்மாறாகவும் போகும் என்பதுதான் அவர்கள் கவலை.

எதிர்மாறு என்று நான் பகிடிக்குச் சொல்லவில்லை. 2018-இல் வெளிவந்த ஒரு இங்கிலாந்து ஆய்வில், சாதாரணமாகக் குடிக்கிறவர்களுக்கு நெற்றியின் வலப்பக்க மூளையைக் காந்தத்தால் கொஞ்ச நேரம் மந்தப்படுத்திவிட்டு, ருசி பார்க்க என்று சொல்லி பியரை முன்னால் வைத்தார்கள். கையை அடக்கும் திறன் குறைந்தது, குடித்த அளவு கூடியது. கடிவாளம் அங்கேதான் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அதைத் தளர்த்தவும் முடியும் என்பதற்கும் அதுவே சாட்சி. வயரை மாற்றிக் கட்டிவிட்டு ஆறு போத்தலைப் பன்னிரண்டாக்கி வைக்காதே.

உன் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது பற்றரி இல்லை, செவ்வாயும் புதனும். ஒரு நாள் குடிக்காவிட்டால் காலையில் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, முதல் மிடறு இறங்கினால்தான் சரிவருகிறதா? ஆம் என்றால் நீயாக நிறுத்தாதே, இந்தக் கிழமையே டொக்டரைப் பார். இல்லை என்றால் உன் நிலைமை இன்னும் கைக்குள் இருக்கிறது. "இரண்டோடு நிறுத்துவேன்" என்ற முடிவை நீ எப்போது எடுக்கிறாய்? போத்தலைத் திறந்த பிறகு. மதுவே முதலில் மயக்குவது அந்தக் கடிவாளத்தைத்தான், அப்புறம் யார் நிறுத்துவது? ஃபிரிட்ஜில் இரண்டு மட்டும் இருந்தால் மூன்றாவதுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு காலி வீதிக்கு இறங்க வேண்டும். சோம்பல் சில நேரம் நல்ல நண்பன். சாப்பிட்ட பிறகு தொடங்கு, லப்டொப்பை மூடின கையோடு அறையை விட்டு வெளியே போ, கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய் வா. ஒரு கொப்பியில் தேதியும் எண்ணிக்கையும் எழுது. நாலு கிழமைக் கணக்கைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது, ஒளிக்காமல்.

கேள்வி: குடிகாரனுக்குத் தேவை மனக்கட்டுப்பாடு, மெஷின் அல்ல. என் தகப்பனார் முப்பது வருடம் குடித்தவர். ஐயப்பனுக்கு மாலை போட்ட நாளே தொடவில்லை. ஒரு குளிசை இல்லை, ஒரு டொக்டர் இல்லை. இதையெல்லாம் நோய் என்று சொல்லி நீங்கள்தான் கெடுக்கிறீர்கள். - மட்டக்குளி வாசகர்

பதில்: ஐயா, உங்கள் தகப்பனாருக்கு என் மரியாதை. அவர் மாலையைக் கழற்றிய பிறகும் தொடவில்லையா என்று நீங்கள் எழுதவில்லை. தொடவில்லை என்றால் இரட்டிப்பு மரியாதை.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். என் கிளினிக்கில் தை பிறந்தால் பழைய முகங்கள் வரும். நாற்பத்தொரு நாள் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்து, சபரிமலை போய்வந்து, மாலை கழற்றின கிழமையே விழுந்தவர்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அந்த நாற்பத்தொரு நாளும் எப்படி முடிந்தது என்றுதான் கேட்பேன். கறுப்பு வேட்டி கட்டியிருந்தார், சந்தியில் நிற்கிறவன்கூட "சாமி" என்று கூப்பிட்டான், "வா மச்சான் ஒன்று போடுவோம்" என்று கேட்க ஒருவனுக்கும் வாய் வரவில்லை. விடியக் குளிப்பு, பின்னேரம் பஜனை, சனிக்கிழமை சம்பளம் வந்த நேரம் ஆள் கோயிலில். அவருடைய மனம் மட்டும் தனியாக நின்று கட்டுப்படுத்தவில்லை ஐயா, ஊரே கூட நின்று பிடித்தது. மாலை கழன்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை விட்டுவிட்டார்கள். மனக்கட்டுப்பாடு என்று நீங்கள் சொல்வது இவ்வளவும் சேர்ந்ததுதான் என்றால் நானும் உங்கள் கட்சி. நாற்பத்தியிரண்டாம் நாளுக்கு என்ன ஏற்பாடு என்றுதான் குருசாமியிடமும் கேட்கிறேன், காந்தக்காரரிடமும் கேட்கிறேன்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தினமும் அரைப் போத்தல், முக்கால் போத்தல் என்று குடிக்கிறவர் மாலை போட்ட அன்றே அடியோடு நிறுத்துவது எல்லாருக்கும் உங்கள் தகப்பனாருக்குப் போல முடியாது. நடுக்கம், வலிப்பு, இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத பூச்சி கண்ணுக்குத் தெரிவது, ஆள் இடம் தெரியாமல் உளறுவது. வீட்டில் "சாமி வந்துவிட்டது" என்று திருநீறு பூசிக்கொண்டிருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பிந்திக் கொண்டுவந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அது உயிர் போகக்கூடிய நிலை. மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? போடுவதற்கு முன்பு டொக்டரைப் பார்த்து, மருந்தின் துணையோடு ஒரு கிழமையில் இறக்கிவிட்டு, விற்றமின் பி1-உம் எடுத்துக்கொண்டு போடுங்கள். ஐயப்பன் கோபிக்க மாட்டார்.

கேள்வி: இந்தக் காந்தச் சிகிச்சையும் அந்தக் காலத்தில் கரண்ட் பிடிப்பது என்பார்களே அதுவும் ஒன்றா? - தெமட்டகொடை

பதில்: இல்லை. கரண்ட் பிடிப்பதில் ஆளை மயக்கிவிட்டு 800 மில்லியம்பியர் அளவில் சில நொடி கொடுத்து, வேண்டுமென்றே ஒரு வலிப்பை வரவைப்பார்கள். கடும் மனச்சோர்வுக்கு இன்றைக்கும் அது உயிர் காக்கும் சிகிச்சைதான், திரைப்படங்களில் காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காந்தச் சிகிச்சையில் ஆள் விழித்திருந்து கதைத்துக்கொண்டிருப்பார், வலிப்பு வரக்கூடாது என்பதுதான் அங்கே நோக்கம்.

கேள்வி: ஐயா, மகனுக்கு 33 வயது. கலியாணம் பேசினால் குடியால் குழம்புகிறது. காந்தம் எல்லாம் எங்களால் முடியாது. பக்கத்து வீட்டம்மா ஒரு குளிசை தந்தார், அவருடைய மருமகனுக்கு எழுதிக் கொடுத்ததில் மிச்சமாம். பொடியாக்கி மகனுக்குத் தெரியாமல் பருப்பில் கலந்து கொடுக்கச் சொல்கிறார். குடித்தால் சத்தி வரும், குடியே வெறுத்துவிடுமாம். பெட்டியில் டைசல்பிரம் என்று இருக்கிறது. கொடுக்கலாமா? - வத்தளையில் ஒரு தாய்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இன்று இரவு பருப்பில் ஏற்கெனவே போட்டிருந்தால் அந்தக் கறியைக் கொட்டிவிடுங்கள்.

அந்தக் குளிசைக்கு ஒரு கதை இருக்கிறது. ரப்பர் ஆலைகளில் பாவிக்கிற ஒரு இரசாயனத்தோடு புழங்கின தொழிலாளர்களுக்கு, பின்னேரம் கொஞ்சம் குடித்ததும் முகம் சிவந்து நெஞ்சு படபடப்பதை 1930-களிலேயே கவனித்திருக்கிறார்கள். அடுத்த பத்து வருடத்தில் டென்மார்க்கில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வேறு எதற்கோ இந்த மருந்தைத் தாங்களே விழுங்கிப் பார்த்துவிட்டு, விருந்துக்குப் போய்ப் பட்டபாட்டில் அது குடிக்கு மருந்தானது. சாராயம் உடம்பில் உடையும்போது நடுவழியில் ஒரு நச்சுப்பொருளாக மாறும். வழக்கமாக உடம்பு அதை உடனே அகற்றிவிடும். இந்தக் குளிசை அந்த வழியை அடைத்துவிடுகிறது. நஞ்சு தேங்கும், முகம் சிவக்கும், சத்தி வரும், நெஞ்சு அடிக்கும், இரத்த அழுத்தம் விழும். கூடுதலாகக் குடித்தால் இதயம் தாங்காமல் ஆளே போகலாம். நிறுத்தின பிறகும் இரண்டு கிழமை வரை இதன் தாக்கம் உடம்பில் இருக்கும். ஈரலையும் கெடுக்கக்கூடும்.

இதை விழுங்கினவருக்கு, தான் விழுங்கியிருக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். மருந்தின் வேலையே பாதி அதில்தான் இருக்கிறது. "காலையில் போட்டுவிட்டேன், இன்றைக்குக் குடித்தால் சாவேன்" என்ற நினைப்பு அவரை அந்தச் சந்தியில் ஒரு நிமிசம் நிற்க வைக்கும், அந்த நிமிசத்தில் கால் வீட்டுப் பக்கம் திரும்பலாம். தெரியாமல் கொடுத்தால் அந்த நிமிசம் இல்லை. அவன் பாட்டுக்கு நண்பர்களோடு அரைப் போத்தலை இறக்குவான், அப்புறம் நடப்பது சிகிச்சை இல்லை, நஞ்சூட்டல். இன்னொன்றும் நடக்கும்: ஒரு நாள் அவனுக்குத் தெரியவரும். அதற்குப் பிறகு அம்மா கையால் ஒரு வாய் சோறு வாங்க மாட்டான்.

மகன் குடிக்காமல் இருக்கிற நேரம் பார்த்து, கலியாணப் பேச்சை எடுக்காமல், ஒரு தரம் மட்டும் டொக்டரிடம் வருவாயா என்று கேளுங்கள். வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள், குடும்பத்தவரோடு கதைக்கவும் உளவளத்துணையாளர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையம் இந்த வேலையைத்தான் செய்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926. போகும்போது பக்கத்து வீட்டம்மா தந்த அந்தப் பெட்டியையும் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.